குழந்தைக்கான மிதவை இருக்கை: நிலைப்பும் அதன் எல்லையும்

(உரையின் எழுத்து வடிவம்)

கர்நாடக மாநிலத்தில் ஹம்பியை அடுத்து ஓடும் துங்கபத்திரையில் பயணிகளைக் கரை சேர்க்கும் பரிசலைப் பலர் கண்டிருப்பர். முன்னும் பின்னும் இல்லாத வட்ட வடிவம். ஆழமற்ற அகன்ற அடி. அதில் ஏறுவோரிடம் பரிசல்காரர் முதலில் சொல்வது, உட்கார வேண்டும், எழுந்து நிற்கலாகாது என்பதே. கணிதம் பயிலாத அவரது அந்தச் சொல்லில் மிதவையியலின் இரு பெரும் விதிகள் அடங்கியுள்ளன. மிதக்கும் பொருள் அகன்றிருக்க வேண்டும் என்பது ஒன்று. அதன்மேல் ஏற்றப்படும் சுமை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நீச்சல் குளத்தில் பச்சிளம் குழந்தையை அமர்த்தும் காற்றடைத்த மிதவை இருக்கையும் இவ்விரு விதிகளுக்கும் கட்டுப்பட்டதே.

நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகி, அவற்றோடு நீச்சல் குளங்களும் பெருகியுள்ளன. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையைத் தண்ணீரில் விளையாடவிட்டு மகிழும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களிலும் பரவி வருகிறது. அதற்கெனக் கடைகளில் பல வண்ணங்களில் மிதவை இருக்கைகள் கிடைக்கின்றன. வாத்து, கார், படகு எனப் பல உருவங்களில் வரும் இவற்றை வாங்குவோர் வண்ணத்தையும் விலையையும் பார்க்கின்றனர். எத்தனை சாய்வு வரை இது கவிழாது, கவிழ்ந்தால் குழந்தை என்னவாகும் என்ற வினாக்களை எழுப்புவோர் அரியர். அவ்வினாக்களுக்கு வடிவமைப்பாளர் முன்கூட்டியே விடை கண்டிருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

குழந்தையின் உடலமைப்பு

எந்தக் கருவியையும் வடிவமைக்கும் முன், அதைப் பயன்படுத்துவோரின் உடலை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலையே. வளர்ந்த மனிதரிடத்தில் இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. எனவே குழந்தையின் ஈர்ப்பு மையம் உடலின் மேற்பகுதியை நோக்கி ஏறியிருக்கிறது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. முகம் குப்புற நீரில் பட்டுவிட்டால் தலையைத் தானே தூக்கிக்கொள்ளும் ஆற்றல் அக்குழந்தைக்கு இல்லை. கூவி அழைக்கவும் இயலாது. அருகில் உள்ளோர் காதில் ஓசை ஏதும் விழாமலே குழந்தை மூழ்கக்கூடும்.

ஆகவே இருக்கை மிதந்தால் மட்டும் போதாது. குழந்தை முன்னே குனிந்தாலும், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாலும், தண்ணீரைக் கையால் அடித்து ஆடினாலும் அது நிமிர்ந்தே இருக்க வேண்டும். மிதப்பு வேறு, நிலைப்பு வேறு.

மிதப்பும் நிலைப்பும்

நீரில் அமிழ்ந்த பொருளின் மீது, அது இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கிச் செயற்படும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட தத்துவம். பொருளின் எடை முழுவதும் ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கி இறங்குகிறது. மிதப்பு விசை, மிதப்பு மையத்தின் வழியே மேல்நோக்கி எழுகிறது. பொருள் சிறிது சாயும்போது, நீரில் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுவதால் மிதப்பு மையமும் சாய்ந்த பக்கம் நகர்கிறது. அவ்வாறு நகர்ந்த மையத்தின் வழியே செங்குத்தாக வரையப்படும் கோடு, மிதவையின் நடுக்கோட்டை வெட்டும் இடத்தை ‘மெட்டா மையம்’ என்பர். பிரான்சு நாட்டு அறிஞர் பியேர் பூகே 1746-ஆம் ஆண்டில் வெளியிட்ட கப்பல் நூலில் இக்கருத்தை விளக்கினார். மெட்டா மையம் ஈர்ப்பு மையத்திற்கு மேலே இருக்கும்வரை மிதவை தானே நிமிரும். கீழே இறங்கிவிட்டால் சிறு சாய்வும் வளர்ந்து கவிழ்ப்பில் முடியும்.

மிதப்பு மையத்திற்கு மேல் மெட்டா மையம் எவ்வளவு உயரத்தில் அமையும் என்பது, நீர்மட்டத்தில் மிதவை பற்றியிருக்கும் பரப்பின் அகலத்தைப் பொறுத்தது. செவ்வக மிதவையில் அந்த அகலத்தின் மும்மடியைப் பொறுத்து இவ்வுயரம் கூடுகிறது. இடம்பெயர்க்கும் நீரும் மிதவையின் நீளமும் மாறாமல் அகலம் மட்டும் இரு மடங்கானால் உயரம் எட்டு மடங்காகிறது. பரிசல் அகன்றிருப்பதன் காரணம் இதுவே.

ஒரு கணக்கு

இக்கருத்தை எண்களால் விளக்குவது பயனுடையது. 10 கிலோகிராம் எடையுள்ள ஒரு குழந்தை, கால்களை நுழைக்கத் துளையிட்ட இருக்கையில் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். உடலின் பாதி, அதாவது கால்களும் இடுப்பும் அதை ஒட்டிய பகுதியும், நீருக்குள் இருக்கின்றன. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியதாகையால் அப்பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். எஞ்சிய 5 கிலோகிராமையும் தன் எடையையும் மட்டும் காற்று வளையம் சுமந்தால் போதும்.

முதல் வளையத்தின் வெளி விட்டம் 45 சென்டிமீட்டர், குழலின் தடிமன் 10 சென்டிமீட்டர். இதன் கன அளவு ஏறத்தாழ 8.6 லிட்டர். இருக்கை உட்பட இதன் எடை 400 கிராம் என்றால், 5.4 லிட்டர் நீரை இது இடம்பெயர்க்க வேண்டும். குழல் பாதிக்கு மேல் அமிழ்ந்துவிடும். இரண்டாவது வளையத்தின் வெளி விட்டம் 70 சென்டிமீட்டர், குழலின் தடிமன் 18 சென்டிமீட்டர். இதன் கன அளவு ஏறத்தாழ 41.6 லிட்டர். எடை 500 கிராம் எனக் கொண்டால் 5.5 லிட்டர் நீரே இடம்பெயரும். குழல் மூன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் அமிழும்.

மிதப்பு மையத்திற்கு மேல் மெட்டா மையம் முதல் வளையத்தில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் உயரத்தில் அமைகிறது. இரண்டாவதில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்திற்கு 12 சென்டிமீட்டர் மேலே உள்ளது எனக் கொண்டால், சிறு வளையத்தில் மிஞ்சுவது 5 சென்டிமீட்டர் மட்டுமே. பெரு வளையத்தில் 68 சென்டிமீட்டர். இப்போது குழந்தை தன் மேலுடலை 10 சென்டிமீட்டர் ஒரு பக்கம் சாய்க்கிறது. பெரு வளையம் ஏறத்தாழ 4 பாகை சாய்ந்து நின்றுவிடும். சிறு வளையத்தின் சாய்வு இக்கணக்கின் எல்லையையே கடந்து, கவிழும் நிலைக்குச் சென்றுவிடும். அதே குழந்தை, அதே அசைவு; விளைவோ முற்றிலும் வேறு.

இருக்கையை உயர்த்திக் குழந்தை முழுவதும் நீருக்கு மேலே அமருமாறு செய்தால் நிலைமை மோசமாகும். உடலின் பாதியைத் தாங்கிய தண்ணீரின் உதவி இல்லாமற் போகிறது. முழு எடையும் வளையத்தின் மேல் ஏறுகிறது. ஈர்ப்பு மையமும் உயர்கிறது. வெயிலுக்காகக் கட்டும் கூரை மேற்பாரத்தைக் கூட்டுவதோடு காற்றையும் பிடித்துக்கொள்ளும். இடுப்பு நீருக்குள் இறங்கி, மார்பளவில் அகன்ற வளையம் சூழும் தாழ்ந்த இருக்கையே ஏற்றது.

அறைகளும் அழுத்தமும்

காற்றடைத்த பொருள் எதுவாயினும் ஒருநாள் கசியும் என்ற எண்ணத்துடனேயே அதை வடிவமைக்க வேண்டும். ஒரே அறையைக் கொண்ட வளையம் கிழிந்தால் மிதப்பு முழுவதும் போய்விடும். எனவே குறைந்தது இரண்டு தனி அறைகள் தேவை. அவற்றை இடம், வலம் எனப் பிரிப்பது தவறு. ஒருபுறம் காற்றிறங்கினால் மறுபுறம் தூக்கி, குழந்தையை உடனே சாய்த்துவிடும். மேல் வளையம், கீழ் வளையம் என்றோ, உள் வளையம், வெளி வளையம் என்றோ பிரித்தால் ஓர் அறை கெட்டாலும் சமச்சீர் கெடுவதில்லை. மேற்கண்ட பெரு வளையத்தில் பாதிக் கன அளவை இழந்தாலும் 20 லிட்டருக்கு மேல் எஞ்சும், தேவை 5.5 லிட்டரே. சிறு வளையத்தில் பாதி போனால் எஞ்சுவது 4.3 லிட்டர், தேவையோ 5.4 லிட்டர். அதற்கு இரண்டு அறைகள் இருந்தும் பயனில்லை.

வெப்பநிலை மாற்றம் பலர் கவனியாத ஒன்று. கோடை நண்பகலில் 45 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றால் நிரப்பிய இருக்கையை 27 பாகை நீரில் இடும்போது, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 6 விழுக்காடு குறைய முற்படும். இத்தகைய மிதவைகளில் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சிறிதளவே மிகுந்திருக்கும். அந்த மிகுதி 5 விழுக்காடாக இருந்தால் அது முழுவதும் மறைந்துவிடும். கன அளவு பெரிதும் குறையாது. ஆயினும் விறைப்பு போய்விடும். விறைப்பிழந்த வளையம் குழந்தையின் இடுப்பைச் சுற்றி மடியும். மேற்கண்ட நிலைப்புக் கணக்குகள் அனைத்தும் பொய்த்துப்போகும். ஆதலின் இருக்கையை நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, மீண்டும் காற்றடைத்துச் சரிபார்த்த பின்னரே குழந்தையை அமர்த்த வேண்டும். பயன்படுத்திய பின் வெயிலில் போட்டுவிட்டால் உள்ளழுத்தம் மிகுந்து இணைப்பு ஓரங்கள் தளரும்.

வால்வு, காற்று வெளியேறாமல் தடுக்கும் மடலைக் கொண்டிருக்க வேண்டும். அதன் அடைப்பான் பொருளோடு நிலையாக இணைந்திருக்க வேண்டும். காற்றடைத்தபின் உள்ளே அழுந்தி, மேற்பரப்பிலிருந்து 5 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிராமல் இருக்க வேண்டும். காற்றடைத்த நீர் விளையாட்டுப் பொருள்களுக்குப் பன்னாட்டுத் தரநிர்ணயம் வகுத்துள்ள விதி இது.

கால் துளைகளும் ஒரு படிப்பினையும்

இருக்கையின் உயிர்நிலை, கால்களை நுழைக்கும் துளைகளும் அவற்றைத் தாங்கும் பட்டைகளுமாகும். 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் காற்றடைத்த குழந்தை மிதவைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. காலிடைப் பட்டைகள் கிழிந்து குழந்தைகள் எதிர்பாராது நீரில் விழக்கூடும் என்பதே காரணம். மிதவை முழுமையாகக் காற்றோடு மிதந்துகொண்டிருக்கும். குழந்தை அதன் நடுவே கீழே நழுவியிருக்கும். பெரும் வளையத்தின் வலிமை ஒரு சிறு பட்டையின் ஒட்டு விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. ஆகவே பட்டைகளை ஒற்றைத் தாளாக விடாமல் இரட்டித்து, பற்றவைத்த ஓரத்தில் இழுவிசை நேராக விழாதவாறு அமைப்பது நன்று.

துளை பெரிதாயின் குழந்தை நழுவும். சிறிதாயின் தொடையை இறுக்கும். வளரும் குழந்தைக்கு ஒரே அளவு பொருந்தாது. வயதை மட்டும் குறிப்பிடாமல் எடை வரம்பையும் தெளிவாக அச்சிட வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

நிலைப்பின் மறுபக்கம்

இனி, இப்பொருளின் மிகக் கடினமான சிக்கல். பெரு வளையத்தில் ஏறத்தாழ 7 பாகைச் சாய்விலேயே எதிர்ப்புறக் குழல் நீரைவிட்டு எழத் தொடங்கும். அதன்பின் நிமிர்த்தும் விசை முன்போல் வளர்வதில்லை. குழந்தையின் அசைவால் மட்டும் அந்த எல்லை எளிதில் கடக்கப்படாது. ஆனால் குளத்தில் அக்குழந்தை தனியே இருப்பதில்லை. மூன்று, நான்கு வயது அண்ணனோ அக்காளோ ஓரத்தைப் பற்றித் தொங்கலாம். யாரேனும் அருகில் குதித்து அலை எழுப்பலாம். அத்தகைய இழுவையில் அகன்ற வளையமும் கவிழும்.

கவிழ்ந்தபின் நிகழ்வதை ஆழ்ந்து எண்ண வேண்டும். வளையம் மேலும் கீழும் ஒரே வடிவுடையது. நேர் நிலையில் அதற்கு உறுதி தரும் அதே அகலம், தலைகீழ் நிலையிலும் உறுதி தருகிறது. அது தானே திரும்பி நிமிராது. குழந்தையோ கால் துளைகளில் பிணைக்கப்பட்டு, தலை நீருக்குள் தொங்க நிற்கும். நழுவாமல் காத்த அதே துளைகள் இப்போது வெளியேற விடுவதில்லை. இந்த முரண்பாட்டை முழுவதும் நீக்கும் வடிவம் எளிதில் கிட்டுவதன்று. அதனைக் குறைக்க மட்டுமே முடியும்.

குறைக்கும் வழிகளுள் ஒன்று, கப்பல்களின் காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பங்களில் கையாளப்படுகிறது. தெப்பத்தின் அடியில் தொங்கும் பைகளில் நீர் தானே நிறைந்துகொள்ளும். நீருக்குள் இருக்கும்வரை அப்பைகளுக்குச் சுமை இல்லை. ஒருபுறம் தூக்கத் தொடங்கினால், பையிலுள்ள நீர் மட்டத்திற்கு மேல் எழுந்து தன் முழு எடையுடன் அப்புறத்தைக் கீழே இழுக்கும். குழந்தை இருக்கையின் விளிம்படியில் இத்தகைய நான்கு சிறு பைகளைச் சமச்சீராக அமைக்கலாம். குழந்தையின் காலோ அருகில் உள்ளோரின் விரலோ அவற்றில் சிக்காதிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மற்றொரு வழி, பெரியவர் ஒரே இழுப்பில் குழந்தையை மேலே எடுத்துவிடும் வகையில் துளைகளை வழவழப்பான, கொக்கியற்ற விளிம்புகளோடு அமைப்பதாகும்.

கழுத்தில் மாட்டும் காற்று வளையம் இதற்கு மாற்று எனச் சிலர் கருதுகின்றனர். அது ஏற்கத்தக்கதன்று. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பயிற்சிக்கென விற்கப்பட்ட இத்தகைய கழுத்து மிதவைகளைப் பயன்படுத்த வேண்டாம் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-ஆம் ஆண்டில் எச்சரித்தது.

தரமும் சோதனையும்

ஐரோப்பியத் தரநிர்ணயம் நீச்சல் பயிற்சிக்கான மிதவைகளை மூன்றாகப் பகுக்கிறது: உடலில் அணிபவை, கையால் பிடிப்பவை, உள்ளே அமர்பவை. அமரும் இருக்கைகளுக்கெனத் தனிப் பகுதியே வகுக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விளையாட்டுப் பொருள்கள் ஐ.எஸ். 9873 வரிசைத் தரங்களுக்கு இணங்கி, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற வேண்டும். பி.வி.சி. தாளை மென்மையாக்கப் பயன்படும் தாலேட்டு வகை வேதிப்பொருள்களுக்கும் இவ்வரிசையில் வரம்பு உண்டு. குழந்தை எதையும் வாயில் வைக்கும் என்பதால் இது வெறும் ஏட்டு விதியன்று.

சிறு தொழிற்கூடங்களும் எளிய சோதனைகளைத் தாமே நடத்தலாம். நீர் நிறைத்த பைகளையும் மணலையும் கொண்டு 10 கிலோகிராம் எடையில், தலை கனத்த ஒரு பொம்மையை அமைத்துச் சிமெண்டுத் தொட்டியில் மிதக்கவிடலாம். பொம்மையை நாற்புறமும் சாய்த்தும், ஒவ்வோர் அறையின் காற்றையும் மாறி மாறி இறக்கியும், மூக்கும் வாயும் நீருக்கு மேலேயே உள்ளனவா என்று காணலாம். ஓரத்தில் விற்தராசை மாட்டி இழுத்து, எத்தனை கிலோகிராமில் கவிழ்கிறது என்று குறித்துவைக்கலாம். வெயிலிலும் குளோரின் கலந்த நீரிலும் பல நாள் கிடந்த மாதிரியைக்கொண்டு இச்சோதனைகளை மீண்டும் செய்வது நன்று. புதிய பொருள் தேறிவிட்டது என்பது பாதிச் சான்றே.

கைக்கெட்டும் தூரம்

இத்தனையும் செய்தபின்னும் இருக்கையின்மேல் அச்சிட வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: இது உயிர்காப்புக் கருவி அன்று; குழந்தையைத் தனியே விடலாகாது. அவ்வாசகம் மூலையில் நுண்ணெழுத்தில் இருந்தால் பயனில்லை. தாய் குழந்தையை அமர்த்தும்போது அவர் கண்ணில் படும் இடத்தில், அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். நல்ல இருக்கையால் விளையும் ஒரு தீங்கு, அது தரும் மிகை நம்பிக்கையாகும். குழந்தை அசையாமல் மிதப்பதைக் கண்ட பெரியவர் தொலைபேசியை எடுக்கக் கரைக்குச் செல்கிறார். குளியல் தொட்டி இருக்கைகளில் இத்தகைய துயரங்கள் நேர்ந்த பின்னரே, அமெரிக்கா 2010-ஆம் ஆண்டில் அவற்றின் நிலைப்புக்கும் கால் துளைகளுக்கும் கட்டாய விதிகளை வகுத்தது. சிறு குழந்தை நீரில் இருக்கும்போது பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அந்தத் தூரத்திற்கு ஈடாகும் மிதவை எதுவும் இல்லை.

நீச்சல் குளத்தை நிர்வகிப்போரும் தம் பங்கை ஆற்றலாம். குழந்தைகளுக்கான பகுதியைக் கயிற்றால் பிரித்து, மிதவை இருக்கை அருகே பிற சிறுவர் குதிப்பதையும் தொங்குவதையும் தடுக்கலாம். குழந்தையோடு பெரியவர் ஒருவர் நீருக்குள் இறங்கியிருப்பதைக் கட்டாயமாக்கலாம்.

இச்செய்தி நீச்சல் குளத்தோடு முடிவதில்லை. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மேற்கு வங்கத்துச் சுந்தரவனம் போன்ற இடங்களில் வீட்டை ஒட்டிய குளமே தவழும் குழந்தைக்கு எமனாகிறது. அங்கே மிதவை இருக்கை விற்பனைக்கு வருவதில்லை, வந்தாலும் பயனில்லை. குளத்தைச் சுற்றி மூங்கில் வேலி இடுதல், தாய்மார் வேலையில் ஆழ்ந்திருக்கும் முற்பகல் வேளையில் குழந்தைகளை ஒரு காப்பகத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவையே அங்குப் பயன்தரும். பள்ளி செல்லும் வயதுக்கு முற்பட்ட குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளுள் ஒன்று. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் நாடெங்கும் உள்ளன. அவற்றின் நேரத்தையும் பணியாளர் எண்ணிக்கையையும் இந்நோக்கில் அமைத்துக்கொள்வது செய்யக்கூடியதே.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2021-இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி சூலை 25 உலக மூழ்கல் தடுப்பு நாளாக நினைக்கப்படுகிறது. அந்நாளில் குடியிருப்போர் சங்கங்கள் தம் குளத்தில் மிதக்கும் இருக்கைகளை ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம். ஊராட்சிகள் தம் குளக்கரை வேலியை ஒரு முறை சுற்றிப் பார்க்கலாம். இரண்டிற்கும் பெருஞ்செலவு ஏதும் இல்லை.